காலைத் தொட்டுப் பாருங்கள், பிறகு சோற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பின் மகளிர் பக்கத்தில் நம் பெண்களின் உடற்பருமன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சோற்றைக் குறைக்க வேண்டும், தேநீரில் சீனியை விட வேண்டும், விடியற்காலையில் நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அதில் தவறில்லை. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி நம் மலேசியாவின் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். அதைப் பற்றிப் பத்திரிகை எழுதத்தான் வேண்டும். ஆனால் கட்டுரைக்கு நடுவே போட்டிருந்த படம்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. ஒரு பெண்ணின் இடுப்புக்குக் கீழே மட்டும் எடுத்த படம். பருத்த தொடைகள், ஒரே பருமனாக இறங்கும் கெண்டைக்கால்கள், கணுக்காலில் வளையம் போட்டதுபோல் சட்டென்று நின்றுபோன சதை, அதற்குக் கீழே மெலிந்த சிறிய பாதங்கள். வாயைக் கட்டாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்ற பொருளில் படத்துக்குக் கீழே ஒரு வரி. படத்தைப் பார்த்து நோய் சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: அந்தப் பெண் வாயை நன்றாகக் கட்டியிருந்தாலும் அந்தக் கால்கள் அப்படியே இருந்திருக்கக்கூடும். லிப்பிடீமா என்ற நோய் அப்படிச் செய்யும்.

நான் சுங்கை சிப்புட்டில் சிறிய தையல் கடை நடத்துகிறேன். தீபாவளி நெருங்கும்போது பட்டணத்துப் பெண்களும் சுற்றுத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பெண்களும் அளவு கொடுக்க வரிசையில் நிற்பார்கள். என் அளவு நோட்டில் சில பக்கங்கள் தனி மாதிரி. மார்பு 36, இடுப்பு 31 என்று எழுதிக்கொண்டு வந்து, தொடைக்கு 29, கெண்டைக்காலுக்கு 20 என்று எழுத வேண்டியிருக்கும். கணுக்காலுக்கு வந்தால் அது 9-தான். கடையில் தைத்துத் தொங்கவிட்டிருக்கும் பஞ்சாபி உடை இவர்களுக்கு உதவாது. மேல்சட்டை பொருந்தினால் கால்சட்டை தொடையிலேயே நின்றுவிடும். கால்சட்டையைப் பார்த்து வாங்கினால் மேல்சட்டை தோளிலிருந்து வழியும். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள். நாடாவைக் கொஞ்சம் இறுக்கினாலும் "மெதுவாக அக்கா, வலிக்கிறது" என்பவர்களும் இவர்களே. தொடையில் அங்கங்கே நீலம் பாய்ந்திருக்கும். எங்கே இடித்தீர்கள் என்று கேட்டால் தெரியாது என்பார்கள். கேட்டுக் கேட்டு, இப்போது நான் கேட்பதில்லை. எனக்கே அப்படித்தான் இருக்கிறது.

நான் சொன்ன லிப்பிடீமா இதுதான். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத் திசு இரண்டு கால்களிலும் ஒரே சீராக, சிலருக்குக் கைகளிலும், சேர்ந்துகொண்டே போகும் நோய். ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வருகிறது. வயதுக்கு வரும்போது, பிள்ளை உண்டாகும்போது, மாதவிலக்கு நிற்கும்போது என்று உடம்பின் சுரப்புகள் மாறும் காலங்களில் தொடங்கும், அல்லது கூடும். பல குடும்பங்களில் தாய்க்கும் மகளுக்கும் சேர்ந்தே காணப்படுகிறது. காரணம் முழுதாக விளங்கவில்லை. சாதாரணக் கொழுப்பைத் தொட்டால் வலிக்காது. இதைத் தொட்டால் வலிக்கும். மாலையானால் கால் கனக்கும். பட்டினி கிடந்தால் கன்னம் ஒட்டும், மார்பு வற்றும், கழுத்தெலும்பு துருத்தும். கால் மட்டும் ஏறத்தாழ இருந்தபடியே இருக்கும். ஊரார் பார்வையில் நாம் இன்னும் "சாப்பாட்டுக்காரி"தான்.

என் அம்மா பால்மர (ரப்பர்) தோட்டத்தில் வேலை பார்த்தவர். பாதம் மிகச் சிறியது, பிள்ளைகள் அளவு ரப்பர் பூட்ஸே போதும். ஆனால் அந்த பூட்ஸ் கெண்டைக்காலில் ஏறாது. அப்பா அதன் பின்பக்கத்தை மேலிருந்து கத்தியால் கிழித்து, இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கொடுப்பார். அந்த வழியாக அட்டை உள்ளே போகும், அது வேறு கதை. பால் வாளி இடித்த இடமெல்லாம் அம்மாவின் தொடையில் நீலமும் கருப்புமாக இருக்கும். ஆற்றில் குளிக்கும்போது பார்த்த லயத்துப் பெண்கள் அப்பாவைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஈ எறும்பைக்கூட அடிக்கத் தெரியாத மனிதர் அவர். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு அம்மா உதிரிப்பழம் பொறுக்கப் போனார். நாளெல்லாம் குனிந்து நிமிரும் வேலை, அந்தக் கால்களோடு.

தோட்டத்தில் அம்மாவுக்கு யானைக்கால்காரி என்று பட்டப்பெயர். சுகாதார இலாகா ஊழியர்கள் ஒருமுறை இரவில் லயத்துக்கு வந்து எல்லோருக்கும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் அதிகம் திரியும் என்பதால் அப்படி வருவார்கள். நம் நாட்டில் அந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது புருகியா மலாயி என்ற புழு. அதனால் வரும் வீக்கம் முட்டிக்குக் கீழே, பாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும். பலருக்கு ஒரு காலில்தான் இருக்கும். அம்மாவுக்கு இரண்டு கால்களும் ஒரே மாதிரி, இடுப்பிலிருந்தே பருமன், பாதம் மட்டும் குழந்தைப் பாதம். இரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. ஒன்றும் இல்லை என்றதும், இவளுக்கு நோயே இல்லை, தின்று கொழுத்திருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தோட்டத்து மருத்துவ உதவியாளர், டிரெசர் என்போம், நீர் மாத்திரை கொடுத்தார். அதனால் கண்ட பலன், அம்மா இரவெல்லாம் கைவிளக்கோடு வெளிக் கக்கூசுக்கு நடந்ததுதான். கொழுப்புத் திசுவை நீர் மாத்திரையால் இறக்க முடியாது.

அந்த டிரெசரை நான் குறை சொல்லமாட்டேன். அமெரிக்காவில் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1940-இல் இந்த நோயை விவரித்துப் பெயரிட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கெனத் தனிக் குறியீடு கிடைத்தது பதினோராம் பதிப்பில்தான். அது நடைமுறைக்கு வந்தது 2022 ஜனவரியில். இடையில் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. பெரிய மருத்துவமனைகளே கவனிக்காததைத் தோட்டத்து டிரெசர் எங்கே கண்டுபிடிப்பார்? ஆனால் 2022-உம் கடந்துவிட்டது. இனிமேலும் அந்தச் சலுகையை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க முடிகிற நாடு இது. அந்தப் பேற்றை நான் மறக்கமாட்டேன். தனியார் கிளினிக்குக்கும் போயிருக்கிறேன். எங்கே போனாலும் முதல் வேலை எடை இயந்திரத்தில் ஏறுவது. அதற்குப் பிறகு எண்ணைப் பார்ப்பார்கள், கணினியைப் பார்ப்பார்கள், என் முகத்தையும் பார்ப்பார்கள். பாவாடையைக் கொஞ்சம் தூக்குங்கள், காலைப் பார்க்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்த பெண்ணின் காலை! இளம் மருத்துவர் ஒருவர், நல்ல பிள்ளை, என் மகன் வயதுதான் இருக்கும், "ஆன்டி, காலையில் எத்தனை ரொட்டி சானாய்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்கு ரொட்டி சானாய் பிடிக்கவே பிடிக்காது. அதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

கடைசியில் முட்டி தேய்ந்துபோய் ஈப்போவுக்குப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மலாய்ப் பெண். முட்டியைப் பார்க்க வந்தவள் என் பாதத்தில் கண்ணை வைத்தாள். நான் மெட்டி போட்டிருக்கும் இரண்டாம் விரலின் அடியில் தோலைக் கிள்ளித் தூக்கினாள். தோல் லேசாகத் தூக்க வந்தது. நிணநீர், அதாவது உடம்பின் திசுக்களிலிருந்து வடியும் நீர், தேங்கி வீங்கிய காலில், யானைக்காலிலும்தான், அந்த இடத்துத் தோல் தடித்துப்போய் அப்படிக் கிள்ள வராது. இந்தக் கிள்ளுக்கு ஸ்டெமர் சோதனை என்று பெயர். பிறகு கட்டைவிரலால் கெண்டைக்காலை அழுத்தினாள். குழி விழவில்லை, நான்தான் கத்தினேன். உங்கள் அம்மாவுக்கும் இப்படியா, வயதுக்கு வந்த பிறகு தொடங்கியதா, எளிதில் நீலம் பாயுமா என்று அடுத்தடுத்துக் கேட்டாள். மேலே இருந்த மருத்துவரை அழைத்து வந்து காட்டினாள். அவரும் பார்த்துவிட்டு லிப்பிடீமா என்று எழுதிக் கொடுத்தார்.

இதில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. இந்த நோயை உறுதியாகக் காட்டிக் கொடுக்கும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ இன்றுவரை கிடையாது. கண், கை, நாலைந்து கேள்விகள், மெட்டி போடும் இடத்தில் ஒரு கிள்ளு. முற்றிய நிலையில் நிணநீர் வீக்கமும் சேர்ந்துகொள்ளும், அப்போது இவ்வளவு எளிதாகப் பிரித்துச் சொல்ல முடியாது என்று அவர்களே சொன்னார்கள். அதனால்தான் முன்னதாகவே பார்க்க வேண்டும் என்கிறேன். இதை நம் தோட்டப்புறக் கிளினிக்குகளின் மிசிகளுக்கு, அதாவது தாதியருக்கு, சொல்லிக் கொடுக்கப் பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டியதில்லை.

எடையைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் வாதாடவில்லை. ஒருத்திக்கு உடற்பருமன், லிப்பிடீமா இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எடை கூடினால் கால்வலி கூடும், முட்டி சீக்கிரம் தேயும். நானும் நடக்கிறேன், அளவாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. என்ற கணக்கு என் தொடையையும் என் வயிற்றையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அதிகம் கேடு செய்வது வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு. ஜெர்மானிய மருத்துவர்களின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி, லிப்பிடீமா உள்ள பெண்களுக்கு இடுப்புச் சுற்றை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது. இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது என்பது பொதுக் கணக்கு. என் உயரம் 62 அங்குலம், இடுப்பு 32. ஆக, ஓர் அங்குலம் கூடுதல். அந்த ஓர் அங்குலத்துக்காக என்னைத் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். தொடைக்காகத் திட்ட வேண்டாம்.

பெரியவர்கள் நாங்கள் எதையும் தாங்கிக்கொள்வோம். கஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். பள்ளி திறக்கும் முன் சீருடை தைக்க வருவார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குக் கால் தெரியும் பினஃபோர் அல்லது கணுக்கால் வரை மறைக்கும் பாஜு கூரோங், இரண்டில் ஒன்று. நான்காம் படிவத்துப் பிள்ளை ஒருத்தி, அதுவரை பினஃபோர் போட்டவள், இனி பாஜு கூரோங்தான் வேண்டும் என்று நின்றாள். தாய்க்குக் கோபம், எதற்கு வீண் செலவு என்று. நான் அளவெடுக்கும்போது பார்த்துவிட்டேன். கணுக்காலில் அதே வளையம். அவளுக்கு வகுப்பில் வைத்திருந்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஓட்டப்பந்தயத்தில் ஓடிய பிள்ளை, ஓடுவதை விட்டுவிட்டாள். மதிய உணவையும் விட்டுவிட்டு, கைப்பேசியில் விளம்பரம் பார்த்து வாங்கிய மெலிவுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரிக் காப்பிகளில் சிபுட்ராமின் என்ற மருந்து கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-இல் பல நாடுகளின் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்ட மருந்து அது. ஆசிரியர் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பத்திரிகையிலும் அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் மெலிவுக் காப்பி விளம்பரம் ஒன்று இருந்தது. அதில் என்ன கலந்திருக்கிறது என்று விளம்பரம் வாங்கியவர் கேட்டாரா?

வெளிநாடுகளில் இந்த நோயுள்ள பெண்களிடம் கேட்டு எழுதிய ஆய்வுகள், அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மற்றப் பெண்களைவிடத் தாழ்ந்திருப்பதையும், வலியோடு மனச்சோர்வும் சேர்ந்திருப்பதையும் சொல்கின்றன. அவற்றில் இடம்பெறாத சில விஷயங்கள் எங்கள் ஊரில் உண்டு. கோயில் அன்னதானத்தில் தரையில் உட்கார முடியாமல், தூணோரமாக நின்றுகொண்டு பசிக்கவில்லை என்று சொல்வது. பெண் பார்க்க வரும் நாளில் புடவையைத் தரையைத் துடைக்கும் அளவுக்கு இறக்கிக் கட்டச் சொல்லும் அத்தைகள். பேரப்பிள்ளை ஓடி வந்து மடியில் ஏறும்போது பல்லைக் கடித்துக்கொள்வது. பிள்ளைக்கு அது தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம் வேறு. நான் காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை விட்டு மோட்டாருக்கு மாறியது வசதிக்காக என்றுதான் வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிகிச்சை என்று சொன்னால், இதை அடியோடு மாற்றும் மருந்து கிடையாது. வலியையும் கனத்தையும் குறைக்க அழுத்தக் காலுறை போடச் சொல்கிறார்கள். இங்கே நான் தொழில்காரியாகக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண அழுத்தக் காலுறை வட்டமாகச் சுற்றிப் பின்னியது, தையல் இருக்காது. நேரான காலுக்கு அது சரி. என்னைப்போல் 20 அங்குலத்திலிருந்து திடீரென்று 9-க்கு இறங்கும் காலில் அது மடிப்புக்குள் சுருண்டு, கயிறு கட்டினாற்போல் அறுக்கும். எங்களுக்கு வேண்டியது தட்டையாகப் பின்னி, ஒவ்வொரு வரிசையிலும் கண்ணியைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் பின்பக்கம் மூட்டித் தைத்த காலுறை. ஒவ்வொரு பெண்ணின் காலுக்கும் தனி அளவு. முதன்முதலில் கையில் வாங்கியபோது நான் அந்தத் தையலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்படியொரு வேலைப்பாடு! ஆனால் பல நூறு வெள்ளி விலை. கழுவி மாற்ற இரண்டு ஜோடியாவது வேண்டும், நாளடைவில் இழுவை தளர்ந்து புதிதும் வாங்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளி என்றிருக்கும் நாட்டில் தோட்டத்துப் பெண் இதை எங்கிருந்து வாங்குவாள்? நமது வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு செம்பனைக் காட்டில் வேலை செய்வதைப் பற்றி யோசித்துப் பார்க்கவே வியர்க்கிறது. என்னைப்போல் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தைப்பவளுக்கே மதியத்துக்குள் கழற்றத் தோன்றும்.

தண்ணீருக்குள் நடப்பது நல்லது என்றார்கள். நீரின் அழுத்தமே காலை எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்ளும், முட்டியில் பாரம் விழாது. உண்மைதான். மார்பளவு தண்ணீரில் நின்றபோது என் கால்கள் வலிக்கவில்லை என்பதை நான் சட்டென்று நம்பவில்லை. ஆனால் அதற்கு நீச்சல் குளம் தேடி ஈப்போவுக்குப் போக வேண்டும், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பக்கத்தில் இருப்பவை பழைய ஈயக் குட்டைகள். அவற்றில் இறங்கினால் கால்வலி நிரந்தரமாகத் தீர்ந்துவிடும்!

கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2022-இல் அதை ஆய்வுக்காக மட்டும் செய்யலாம் என்றது. ஜெர்மனி முற்றிய நிலைக்கு முதலில் காப்புறுதியில் சேர்த்து, 2025-இல் எல்லா நிலைகளுக்கும் விரிவாக்க முடிவு செய்தது. பெரிய நாடுகளே இப்படி இரண்டு பக்கம் நிற்கும்போது நான் அதைக் கேட்டுப் போராடப்போவதில்லை. நான் கேட்பது அதைவிட மிக மலிவானது.

கால் வலி என்று வரும் பெண்ணின் காலைப் பாருங்கள். பாதத்தையும் பாருங்கள். எடையோடு இடுப்பையும் அளந்து எழுதுங்கள். சந்தேகம் வந்தால், சோற்றைப் பற்றிப் பேசுமுன் பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் காலுறைக்கு, செயற்கைக் காலுக்கும் காது கேட்கும் கருவிக்கும் உதவி தேடித் தருவதுபோல், ஏதாவது ஒரு நிதியில் வழி பண்ணுங்கள். தோட்டப்புற மக்களுக்காக உழைக்கும் சங்கங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. பொங்கலுக்கு அரிசி மூட்டை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு இதையும் சேர்த்துக்கொண்டால் யாருக்கும் நட்டமில்லை.

பெண்களுக்கும் ஒரு வார்த்தை. என் கடையில் திரைக்குப் பின்னால் நின்று நீங்கள் சொல்வதையெல்லாம் மருத்துவரிடமும் சொல்லுங்கள். தொட்டால் வலிக்கிறது, இடிக்காமலே நீலம் பாய்கிறது, அம்மாவுக்கும் இருந்தது, பட்டினி கிடந்தும் கால் இறங்கவில்லை: இந்த நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் வெட்கத்தில் தலைவலி என்று சொல்லி பனடோல் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

அடுத்த மாதம் எங்கள் கோயில் மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம் நடக்கப்போகிறது. எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதாக அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் இதைப் படித்தால், பெண்கள் காலைக் காட்ட ஒரு திரையும் ஒரு நாற்காலியும் போட்டுவையுங்கள். அளவு நாடா நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்கார அக்கா,
சுங்கை சிப்புட் (வ), பேராக்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)